கேரி கில்டால்: மிஷின் இல்லாமலே மிஷினுக்கு எழுதியவர்



விண்டோஸில் புதுசாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்கு சி, ஓ, என் என்று மூன்று எழுத்தைப் பெயராக வைத்துப் பாருங்கள். வைக்க முடியாது. முதலாமாண்டு லேபில் நம்மில் பாதிப்பேர் டீக்குப் பந்தயம் கட்டி இதைச் செய்து பார்த்தவர்கள்தான். இதில் பெரிய மர்மம் இருக்கு, விடை கண்டுபிடித்தால் அமெரிக்காவில் வேலை என்று சீனியர் அண்ணன்மார் கதை விட்டதும் ஞாபகம் இருக்கும். மர்மம் ஒன்றும் இல்லை. அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறார். கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு அவர் வைத்த சுருக்கப் பெயர் அது. டாஸ் அதை எடுத்துக்கொண்டது. டாஸிடமிருந்து விண்டோஸுக்கு வந்தது. இன்றுவரை அந்தப் பெயரை வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியவில்லை!

அந்த மனுஷன் பெயர் கேரி கில்டால். அவர் எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் சிபி/எம். 1994-ல், நாம் யாரும் பிறக்கும் முன்பே, இறந்துவிட்டார். அவரைப் பற்றித் தெரிந்தவர்கள்கூட ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார்கள்: ஐபிஎம் கம்பெனி வீடு தேடி வந்தபோது விமானம் ஓட்டப் போய்விட்டாராம், அதனால் கோடிகள் போச்சாம். அந்தக் கதைக்கும் வருவோம். அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது.

1942 மே 19-ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிறந்தார். கடற்கரை ஊர். அவர்கள் குடும்பமே மாலுமிக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து கப்பல் ஓட்டும் கணக்கு சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார்கள். நட்சத்திரத்தைப் பார்த்து, முக்கோணக் கணக்குப் போட்டு, கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. பள்ளிப்படிப்பு முடித்ததும் கேரியும் அங்கே வாத்தியாராக நின்றார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததே கணக்கு வாத்தியார் ஆகும் எண்ணத்தில்தான். போன இடத்தில் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. கடற்படைக்குச் செய்யவேண்டிய சேவையை, கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் இருந்த கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்திக் கழித்தார். 1972-ல் கம்பைலர் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் வாங்கினார். புரோகிராமில் தேவையில்லாத வேலையைக் கம்பைலரே கண்டுபிடித்து நீக்குவது எப்படி என்பது அந்த ஆராய்ச்சி. இன்றைக்கும் கம்பைலர் புத்தகங்களில் அவர் பெயர் அதற்காகவே வருகிறது.

இனிமேல்தான் விஷயம். 1971 கடைசியில் இன்டெல் கம்பெனி 4004 என்ற சிப்பை வெளியிட்டது. நாலு பிட் பிராசஸர். நம் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற 8085 கிட்டுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். கில்டாலுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கடல் கணக்கைப் போட ஒரு சின்ன மிஷின் வேண்டும் என்பது அவர் அப்பாவின் நெடுநாள் ஆசை. ஆனால் சிப் மட்டும் இருந்தால் என்ன செய்ய முடியும்? அதைச் சுற்றி போர்டு வேண்டும், மெமரி வேண்டும், அதற்கெல்லாம் பணம் வேண்டும். வாத்தியார் சம்பளத்தில் கட்டுப்படியாகவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்லூரியில் ஒரு பெரிய ஐபிஎம் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு புரோகிராம் எழுதினார். அந்தப் புரோகிராம், தான்தான் 4004 சிப் என்று நடிக்கும்! ரெஜிஸ்டர் எல்லாம் வெறும் வேரியபிள். மெமரி என்பது ஒரு அரே. ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, அந்த சிப் என்ன செய்யுமோ அதையே கணக்குப் போட்டுச் செய்து காட்டும். சிப்புக்கு எழுத வேண்டிய சைன், கொசைன் கணக்குகளை இந்தப் போலி சிப்பில் எழுதிச் சரிபார்த்தார். இன்றைக்கு நாம் எமுலேட்டர் என்று சொல்கிறோமே, அதேதான் இது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நாலரை மணிக்கு லேபைப் பூட்டினால் மறுநாள் வரைக்கும் நோட்டும் பேனாவும்தான். கையில் மிஷின் இல்லை என்பது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டம் வாங்கிய ஆளுக்கும் அதே கஷ்டம் வந்திருக்கிறது. அவர் இல்லாத மிஷினைப் புரோகிராமாக எழுதிக்கொண்டார்!

அந்த வேலையைப் பார்த்து இன்டெல் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்வருவார். 8008-க்கும் பிறகு 8080-க்கும் சிமுலேட்டர் எழுதிக் கொடுத்தார். 1973-ல் பிஎல்/எம் என்ற மொழியையும் உண்டாக்கினார். மைக்ரோபிராசஸருக்கென்று வந்த முதல் உயர்நிலை மொழி அது. அதற்குப் பிரதியாக இன்டெல்லிடமிருந்து அவருக்கு மிஷின்கள் கிடைத்தன. கிடைத்த மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வகுப்பறையின் பின்பக்கத்தில் வைத்தார், மாணவர்கள் கை வைத்துப் பழகட்டும் என்று. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போச்சு.

அப்போது மைக்ரோ கம்ப்யூட்டரில் எதையும் சேமிக்க வேண்டுமென்றால் துளை போட்ட காகித நாடாதான். மகா மெதுவு. ஃப்ளாப்பி டிரைவ் அப்போதுதான் வந்திருந்தது, யானை விலை! ஷுகார்ட் என்ற கம்பெனியிடமிருந்து, பத்தாயிரம் மணி நேரம் ஓட்டிச் சோதித்துத் தேய்ந்துபோன ஒரு எட்டங்குல டிரைவ் அவருக்குச் சும்மா கிடைத்தது. வெறும் டிரைவ். பெட்டி இல்லை, கேபிள் இல்லை, கன்ட்ரோலர் போர்டு இல்லை. கன்ட்ரோலரைத் தானே கட்டிப் பார்த்தார். வரவில்லை. மனுஷனுக்கு சாஃப்ட்வேர் கை, ஹார்ட்வேர் கை இல்லை. கடைசியில் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஜான் டொரோட் என்ற நண்பர் வந்து போர்டு கட்டிக் கொடுத்தார்.

டிரைவ் ஓடாத காலத்தில் கில்டால் சும்மா இருக்கவில்லை. ஓடினால் அதை ஆள்வதற்கு ஒரு சிஸ்டம் வேண்டுமே! அதைத் தன் சிமுலேட்டரையும் பிஎல்/எம் மொழியையும் வைத்துப் பெரிய கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே வந்தார். 1974-ஆம் வருஷ இலையுதிர் காலத்தில், மான்டெரேக்குப் பக்கத்தில் பசிஃபிக் குரோவ் என்ற சின்ன ஊரில், காகித நாடாவிலிருந்து சிஸ்டத்தை ஏற்றி டிஸ்க்கில் எழுதினார்கள். பிறகு அந்த டிஸ்க்கிலிருந்தே மிஷின் கிளம்பியது. கட்டளைக்குக் காத்திருக்கும் குறி வந்து நின்றது. டிஐஆர் என்று அடித்தார்கள், ஃபைல் பட்டியல் வந்தது. இரண்டு பேரும் மலிவான சிவப்பு ஒயின் ஒரு குடுவை வாங்கிக் கொண்டாடினார்களாம். அவ்வளவுதான் விழா!

இன்டெல்லுக்கு அந்த சிஸ்டம் தேவைப்படவில்லை. கில்டாலும் மனைவி டோரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச், அதாவது அண்டசராசரம் எல்லாம் சேர்த்து! கணக்கு வழக்கு, வியாபாரம் எல்லாம் டோரதி பார்த்தார். இந்த அம்மாவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்தக் கம்பெனியின் பாதி அவர்தான் என்பது என் கருத்து.

அப்போது ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு விதமான மிஷின். ஒன்றுக்கு எழுதிய சிஸ்டம் இன்னொன்றில் ஓடாது. ஒவ்வொரு மிஷினுக்கும் முழுசாக மாற்றி எழுதி கில்டாலுக்கு அலுத்துவிட்டது. ஆகவே சிபி/எம்மை மூன்று துண்டாகப் பிரித்தார். நாம் அடிக்கிற கட்டளையைப் படிப்பது ஒரு துண்டு. ஃபைலைக் கவனிப்பது பிடாஸ் என்ற இன்னொரு துண்டு. மிஷினைத் தொட்டுப் பேசுகிற வேலை மட்டும் பயாஸ் என்ற மூன்றாம் துண்டு. மிஷின் மாறினால் மூன்றாம் துண்டை மட்டும் மாற்றினால் போதும். 2.2 பதிப்பில் அந்தப் பயாஸ் செய்யவேண்டியது மொத்தம் 17 வேலை. ஒரு எழுத்தை வாங்கு, ஒரு எழுத்தைத் திரையில் போடு, இந்த டிராக்குக்குப் போ, ஒரு செக்டார் படி, எழுது, இவ்வளவுதான். மற்ற இரண்டு துண்டும் சேர்ந்தே 5.5 கேதான்! நாம் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குள் இப்படி எத்தனையோ நூறு அடங்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டி நாம் போகிறோமே பயாஸ், அந்தப் பெயரும் இங்கிருந்து வந்ததுதான்.

மிஷினைத் தனியாகவும் சிஸ்டத்தைத் தனியாகவும் வைத்ததன் பலனை நான் நம் லேபிலேயே பார்த்தேன். சிம்எச் என்று ஒரு எமுலேட்டர் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆல்டேர்இசட்80 என்ற பகுதி, 1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டராக நடிக்கும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் அனுமதி வாங்கி, அந்தப் புரோகிராமையும் சிபி/எம் 2.2 இருக்கிற டிஸ்க் ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். ஓட்டினால் முதலில் சிம் என்ற குறி வரும். அது எமுலேட்டர் பேசுவது. அங்கே அட்டாச் என்ற கட்டளையால் டிஸ்க் ஃபைலை மாட்ட வேண்டும், நிஜ டிரைவில் ஃப்ளாப்பியைச் செருகுகிற மாதிரி. பிறகு பூட் என்ற கட்டளை. கண் மூடித் திறப்பதற்குள் 64 கே சிபி/எம் என்று அறிவித்துவிட்டு ஏ> என்று வந்து நிற்கும். அவ்வளவுதான், 64 கே மெமரி உள்ள கம்ப்யூட்டர் தயார்! திரும்பி வெளியே வர கன்ட்ரோலும் ஈயும் சேர்த்து அழுத்தினால் மறுபடி சிம் குறிக்கு வரலாம்.

உள்ளே போனவர்களுக்குச் சில சமாச்சாரம் விநோதமாக இருக்கும். காப்பி என்ற கட்டளை கிடையாது, பிப் என்ற புரோகிராம்தான். அதிலும் போய்ச்சேர வேண்டிய இடத்தை முதலில் எழுதி, சமக்குறி போட்டு, எங்கிருந்து என்பதைப் பின்னால் எழுத வேண்டும். நாம் சி லாங்வேஜில் மதிப்பை இடப்பக்கம் வாங்குகிற மாதிரி. டெலீட் கீயை அடித்தால் எழுத்து மறையாது, அழித்த எழுத்தே இன்னொரு தடவை வந்து நிற்கும்! திரை இல்லாமல் பேப்பரில் அச்சடிக்கிற டெர்மினல்கள் இருந்த காலம் அது, பேப்பரில் அடித்ததை எப்படி அழிப்பது? கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் நாம் பழகியபடி அழியும். ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை. அந்த எட்டங்குல ஃப்ளாப்பியில் 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட். பெருக்கினால் 2,56,256 பைட். இதற்குள் ஃபோல்டர் எதற்கு?

எனக்கு அதிகம் சந்தோஷம் கொடுத்தது அசெம்பிளர்தான். அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. 8080-க்கு எழுதியதை 8085 அப்படியே ஏற்கும் என்பதால் நம் கிட்டில் படித்த கட்டளைகளே போதும். ஈடி என்ற எடிட்டரில் ஆறேழு வரி எழுதினேன். ஆரம்ப முகவரி 100 ஹெக்ஸ். சி ரெஜிஸ்டரில் 9. டிஈ ஜோடியில் வாக்கியம் இருக்கிற முகவரி. கால் 5. ரிட்டர்ன். வாக்கியத்தின் முடிவில் ஒரு டாலர் குறி. அசெம்பிள் செய்து, லோட் என்ற புரோகிராமால் காம் ஃபைலாக்கி ஓட்டினேன். எங்கள் ஊர் பெயர் திரையில் வந்தது! பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். மாஸ்மில் 8086 புரோகிராம் போட்டவர்கள் யோசித்துப் பாருங்கள். ஏஎச் ரெஜிஸ்டரில் 9, இன்டரப்ட் 21, வாக்கியத்தின் முடிவில் டாலர். அதே 9, அதே டாலர், அதே 100! டாஸ் புத்தகத்தில் நாம் படித்தது கில்டாலின் கையெழுத்து.

அது எப்படி டாஸுக்குப் போனது என்பதுதான் அந்தப் பிரபலமான ஐபிஎம் கதை.

1980 வாக்கில் சிபி/எம்தான் சின்னக் கம்ப்யூட்டர்களின் ராஜா. வேர்ட்ஸ்டார், டிபேஸ் எல்லாம் முதலில் ஓடியது இதில்தான். 1981-ல் ஏறக்குறைய 3,000 மாடல் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஐபிஎம் ரகசியமாக ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தது. சிஸ்டம் கேட்டு மைக்ரோசாஃப்டிடம் போனார்கள், பில் கேட்ஸ்தான் கில்டாலிடம் போகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்த காலையில் கில்டால் தன் விமானத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். ஊர் சுற்றப் போகவில்லை, வேலையாகத்தான் போனார். கம்பெனிக்கு வருகிறவர்களிடம் பேசுவது எப்போதும் டோரதியின் பொறுப்பு. ஐபிஎம் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டியது. எல்லாப் பாதுகாப்பும் ஐபிஎம் பக்கமே இருந்ததால், டோரதியும் வக்கீலும் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். யோசித்துச் செய்த காரியம்தான். மத்தியானம் கில்டால் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்பதில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் படியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதில் கில்டால் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 8086-க்கான சிபி/எம் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. காத்திருந்து அலுத்த சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர், சிபி/எம் போலவே நடந்துகொள்கிற ஒரு சிஸ்டத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார். அதைத்தான் மைக்ரோசாஃப்ட் வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. சியாட்டில், கில்டால் பிறந்த ஊர்! தன் சிஸ்டத்தின் சாயலைப் பார்த்துக் கில்டால் சண்டைக்குப் போனார். சரி, உங்களுடையதையும் சேர்த்து விற்கிறோம் என்று ஐபிஎம் சமாதானம் செய்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. பிறகு கில்டாலின் சிஸ்டமும் விலைப்பட்டியலில் வந்தது. டாஸ் 40 டாலர். சிபி/எம்-86 240 டாலர். நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்? விமானம் ஓட்டிய கதையைவிட இந்த இரண்டு எண்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

அதோடு மனுஷன் உட்கார்ந்துவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்து பாடம் சொல்வது போல் விளக்கினார். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தையே சிடி-ராமில் கொண்டுவந்தார். அதே வருஷம் அவர் கம்பெனி ஜெம் என்ற ஜன்னல் சிஸ்டத்தை வெளியிட்டது, ஆப்பிள் மிரட்டியதால் பிறகு மாற்றவேண்டி வந்தது. 1988-ல் டிஆர்-டாஸ் வந்தது. 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் வாங்கிக்கொண்டது. பணத்துக்குக் குறைவில்லை. டோரதியும் அவரும் 1983-லேயே பிரிந்துவிட்டார்கள். 1992-ல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறைக்கு வெள்ளிவிழா. சிறப்புரைக்கு அழைத்தது பில் கேட்ஸை! இவர் அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய பழைய மாணவர். அந்த வலியில்தான் நினைவுக்குறிப்பு எழுத உட்கார்ந்தார். கடைசி வருஷங்களில் குடி அவரைப் பிடித்துக்கொண்டது. 1994 ஜூலை 8-ஆம் தேதி மான்டெரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் அடிபட்டது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். வயது 52. சியாட்டிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

பசிஃபிக் குரோவில் அவர் கம்பெனி இருந்த லைட்ஹவுஸ் அவென்யூ கட்டடத்தின் வாசலில் 2014-ல் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ ஒரு பலகை பதித்தது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியம் சிபி/எம்மின் ஆரம்பகால சோர்ஸ் கோடை வெளியிட்டது. 2016-ல் நினைவுக்குறிப்பின் முதல் பகுதியைப் பிள்ளைகள் வெளியிட்டார்கள். மீதிப் பகுதியில் நோயின் சாயல் அதிகம் என்று நிறுத்திக்கொண்டார்கள். 2022-ல் சிபி/எம்மின் உரிமை வைத்திருந்தவர், யார் வேண்டுமானாலும் அதை எடுத்து ஓட்டலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் லேபில் மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கத்து மிஷினில், கில்டால் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ஈடி எடிட்டருக்கான கட்டளைகளை ஒரு பக்கம் எழுதி அதிலேயே போட்டிருக்கிறேன், அது இல்லாமல் உள்ளே போனால் அழுதுவிடுவீர்கள். சிபி/எம்மின் சோர்ஸ் கோடும் அதே ஃபோல்டரில் இருக்கிறது. பிடாஸ் பகுதியை நான் இன்னும் பாதிதான் படித்திருக்கிறேன். சேர்ந்து படிக்க ஆள் வேண்டும், சனிக்கிழமை லேப் திறந்திருக்கும்.